குவெரி ஓட்டினால் ஒரே ரெக்கார்டு திரும்பத் திரும்ப வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸெலிலிருந்து டேட்டாபேஸ் பக்கம் வந்தவர்கள், புதிதாக ரிப்போர்ட் எழுதத் தொடங்கியவர்கள், பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருப்பவர்கள் என்று எல்லோரும் என்னிடம் கேட்டது சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்வியை வைத்து இங்கே சேர்த்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு ஜவுளிக்கடையின் டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். நான்கு டேபிள். வாடிக்கையாளர், பில், அப்புறம் 'சரக்கு' (பில்லில் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி), 'வரவு' (அந்தப் பில்லுக்குப் பணம் வந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி). கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த நான்கைச் சுற்றித்தான்.

டேபிளில் பில் ஒரு தடவைதான் இருக்கிறது, குவெரியில் மட்டும் ஏன் மூன்று தடவை வருகிறது?

ஜாயின்தான் (பொதுவான ஃபீல்டை வைத்து இரண்டு டேபிளை இணைப்பது) காரணம். பத்தில் எட்டு பேருக்கு இதுதான். பில் எண் 1042-ல் ஒரு புடவை, ஒரு வேட்டி, ஒரு துண்டு வாங்கியிருக்கிறார்கள் என்றால் சரக்கு டேபிளில் மூன்று வரி இருக்கும். பில்லையும் சரக்கையும் பில் எண்ணை வைத்து ஜாயின் செய்தால் மூன்று வரி வரும், மூன்றிலும் பில் எண், தேதி, வாடிக்கையாளர் பெயர் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். நீங்கள் செலக்டில் (எந்தெந்த ஃபீல்டு வேண்டும் என்று எழுதும் பகுதி) பில் ஃபீல்டுகளை மட்டும் எழுதி, பொருளின் பெயரை எழுதாமல் விட்டால் மூன்றும் ஒரே வரி மாதிரித் தெரியும்.

எக்ஸெலில் வீலுக்அப் பழகியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். வீலுக்அப் முதலில் கிடைத்த ஒன்றை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். ஜாயின் நிற்காது, பொருந்துகிற ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வரி கொடுத்துக்கொண்டே போகும்.

அப்படியென்றால் அது டூப்ளிகேட்டே இல்லையா?

இல்லை, டேட்டாபேஸ் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறது. 'டூப்ளிகேட் வருகிறது' என்று யார் வந்தாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரி எதைக் குறிக்க வேண்டும்? ஒரு பில்லையா, பில்லில் ஒரு பொருளையா, ஒரு வாடிக்கையாளரையா? இதற்குப் பதில் சொல்ல முடியாதவரை வருவது டூப்ளிகேட்டா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மற்றபடி நோய் இரண்டு வகை. ஒன்று, குவெரி பெருக்கிக் காட்டுவது. இன்னொன்று, டேபிளிலேயே நிஜமாக இரண்டு தடவை ஏறியிருப்பது. வித்தியாசம் தெரிய, சந்தேகப்படும் டேபிளின் பிரைமரி கீயையும் (ஒவ்வொரு வரிக்கும் உள்ள தனி அடையாளம்) செலக்டில் சேர்த்துப் பாருங்கள். திரும்ப வரும் வரிகளில் அதே கீ இருந்தால் குவெரி பெருக்குகிறது, கீ வேறு வேறாக இருந்து மற்ற விவரங்கள் ஒன்றாக இருந்தால் டேபிளில்தான் கோளாறு. இரண்டுக்கும் மருந்து வேறு.

எந்த ஜாயினில் பெருகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் குவெரியில் ஏழு ஜாயின் இருக்கிறது.

ஏழையும் ஒன்றாக முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். திரும்ப வருகிற ஒரே ஒரு பில் எண்ணை எடுத்து, வேர் கண்டிஷனில் (எந்த வரிகள் வேண்டும் என்று சொல்லும் இடம்) அதை மட்டும் போட்டு, எல்லா ஜாயினையும் ஓடாதபடி கமென்ட் செய்துவிடுங்கள். ஒரு வரி வரும். பிறகு ஒவ்வொரு ஜாயினாகத் திறந்துவிட்டு எத்தனை வரி வருகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஒன்று, ஒன்று, ஒன்று என்று வந்து திடீரென்று மூன்று ஆகிற இடத்தில்தான் ஆள் இருக்கிறார். அங்கேயே நிறுத்தாமல் மீதியையும் திறந்து பாருங்கள், ஏனென்றால் பெருக்குகிற ஜாயின் ஒன்றுக்கு மேல் இருப்பது சகஜம்.

அப்புறம் அந்த டேபிளைத் தனியாக எடுத்து, ஜாயினுக்குப் பயன்படுத்திய ஃபீல்டை வைத்து குரூப் பை போட்டு (ஒரே மதிப்புள்ள வரிகளைக் குழுவாக்கி), ஹேவிங்கில் (குழுவுக்கான கண்டிஷன்) கவுன்ட் ஒன்றுக்கு மேல் இருப்பதைக் கேளுங்கள். 'இந்த டேபிளில் இது ஒரு தடவைதான் இருக்கும்' என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது பொய் என்று அந்தப் பட்டியலே சொல்லிவிடும். கடைசியாக அந்த ஒரு பில்லுக்கு செலக்டில் நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஃபீல்டையும் வரவழைத்து, இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே போய் எந்த ஃபீல்டில் மட்டும் மதிப்பு மாறுகிறது என்று பாருங்கள். காரணம் அந்த ஃபீல்டில் எழுதியிருக்கும்.

டிஸ்டிங்க்ட் போட்டால் சரியாகிவிடுகிறதே, அப்புறம் என்ன பிரச்சினை?

டிஸ்டிங்க்ட் என்பது ஒரே மாதிரி வரிகளில் ஒன்றை மட்டும் கொடு என்று கேட்பது. அதனால் சரியாகிவிட்டது போலத் தெரிகிறது. ஒரு தடவை நான் இப்படித்தான் பொருள் பெயர், விலை, தேதி மூன்றையும் எடுக்கும் தினசரி விற்பனை ரிப்போர்ட் ஒன்றில் டூப்ளிகேட் வருகிறது என்று டிஸ்டிங்க்ட் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரே நாளில் இரண்டு வேறு வேறு ஆட்கள் அதே 600 ரூபாய்த் துண்டை வாங்கியிருந்தால் அந்த மூன்று ஃபீல்டும் அச்சு அசலாக ஒன்றுதானே. டிஸ்டிங்க்ட் ஒரு விற்பனையை விழுங்கிவிட்டது. தினமும் இப்படி விழுங்கிக்கொண்டே வந்து, மாதக் கடைசியில் கணக்குப் பிள்ளை கல்லாவோடு ஒத்துப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது. கூடுதலாக ஒரு வரி வந்தால் யாராவது கேட்பார்கள், குறைந்து போன வரியை யாரும் தேட மாட்டார்கள். அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு டிஸ்டிங்க்ட் போடாதீர்கள் என்று இவ்வளவு சொல்கிறேன்.

வேகமும் அடிபடும். டிஸ்டிங்க்ட் கேட்டால் டேட்டாபேஸ் எல்லா வரியையும் வரிசைப்படுத்தியோ ஹாஷ் (வரியிலிருந்து கணக்கிடும் சுருக்க எண்) போட்டோ ஒப்பிட்டாக வேண்டும். ஜாயினில் லட்சக்கணக்கில் பெருக்கிவிட்டு, பிறகு அதையே கஷ்டப்பட்டுக் குறைப்பது இரட்டை வேலை. எந்த ஜாயின் பெருக்குகிறது, ஏன் பெருக்குகிறது என்று தெரிந்த பிறகு, உண்மையிலேயே 'எந்தெந்த ஊர்களிலிருந்து வாடிக்கையாளர்கள் வருகிறார்கள்' மாதிரியான கேள்விக்கு டிஸ்டிங்க்ட் போடுவதில் எந்தத் தப்பும் இல்லை.

டூப்ளிகேட்டை எஸ்க்யூஎல்லே தானாக எடுத்துவிடலாமே, ஏன் எடுப்பதில்லை?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. கணினி விஞ்ஞானி எட்கர் காட் 1970-ல் டேட்டாவை டேபிள்களாகப் பார்க்கும் ரிலேஷனல் மாடலை எழுதியபோது டேபிள் என்பதைக் கணிதத்தில் வரும் கணமாகத்தான் பார்த்தார், கணத்தில் ஒரே உறுப்பு இரண்டு தடவை வராது. 1974-ல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் அந்த யோசனையை ஒட்டி சீக்வெல் என்ற குவெரி மொழியை வெளியிட்டார்கள், அதுதான் பிறகு எஸ்க்யூஎல் ஆனது. எஸ்க்யூஎல்லில் டூப்ளிகேட்டை நீக்குவதைப் பயனரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு குவெரிக்கும் நீக்கிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன ஒப்பிடும் செலவு எல்லோர் தலையிலும் விழும். அதோடு துண்டு விற்பனை மாதிரி, இரண்டு தடவை வருவதே சரியாக இருக்கும் இடங்களும் உண்டு.

வாடிக்கையாளர் எண்ணுக்கு மட்டும் டிஸ்டிங்க்ட் போட்டேன், அடைப்புக்குறிக்குள் கூட வைத்தேன், இருந்தும் அதே ஆள் திரும்ப வருகிறார்.

அடைப்புக்குறிக்கு அங்கே எந்த அர்த்தமும் இல்லை. டிஸ்டிங்க்ட் எப்போதும் செலக்டில் எழுதிய முழு வரியையும் சேர்த்துத்தான் ஒப்பிடும். வாடிக்கையாளர் எண்ணோடு பில் தேதியையும் கேட்டிருந்தால் தேதி மாறும்போதெல்லாம் புது வரிதான்.

இப்படிக் கேட்கிறவர்களுக்கு உண்மையில் வேண்டியது பெரும்பாலும் 'ஆளுக்கு ஒரு வரி, அதில் கடைசியாக வாங்கிய பில்' என்பதுதான். அதற்கு ரோ நம்பர் ஃபங்ஷன் இருக்கிறது, குழுவுக்குள் வரிகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுக்கும். பார்ட்டிஷன் பையில் (எதன்படி குழு பிரிப்பது) வாடிக்கையாளர் எண், ஆர்டர் பையில் (எதன்படி வரிசைப்படுத்துவது) தேதியை இறங்குவரிசையில், ஒரே நாளில் இரண்டு பில் இருந்தால் குழம்பாமலிருக்கக் கூடவே பில்லின் பிரைமரி கீ. இதை உள் குவெரியாக வைத்து வெளியே எண் 1 வந்த வரியை மட்டும் எடுங்கள். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 8.0 பதிப்பிலிருந்துதான் இது உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு டிஸ்டிங்க்ட் ஆன் என்று தனியாகவே ஒன்று இருக்கிறது, அடைப்புக்குறி வைத்தவர்கள் மனதில் நினைத்தது அதைத்தான்.

எனக்குச் சரக்கு விவரமே வேண்டாம், பட்டுப்புடவை வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் போதும். அதற்கும் ஜாயின் போட்டுத்தானே ஆக வேண்டும்?

வேண்டாம். இன்னொரு டேபிளிலிருந்து எந்த ஃபீல்டும் தேவையில்லை, 'அங்கே இருக்கிறதா' என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் எக்சிஸ்ட்ஸ் எழுதுங்கள், இல்லையென்றால் இன் (IN) என்ற கண்டிஷன். ஒருவர் பத்துப் புடவை வாங்கியிருந்தாலும் எக்சிஸ்ட்ஸ் ஒன்றைப் பார்த்ததும் 'ஆமாம்' என்று சொல்லிவிடும், வரி பெருக வழியே இல்லை. நான் பார்த்த தேவையில்லாத டிஸ்டிங்க்ட்களில் பெரும்பாலானவை எக்சிஸ்ட்ஸ் எழுத வேண்டிய இடத்தில் ஜாயின் எழுதியதால் வந்தவை.

மொத்தத் தொகை ஆறு மடங்கு வருகிறது! டேபிளில் எல்லாம் சரியாக இருக்கிறது.

பில் 1042-ஐயே எடுத்துக்கொள்வோம். புடவை 1,800, வேட்டி 1,200, துண்டு 600, மொத்தம் 3,600. வாடிக்கையாளர் 1,600 ரொக்கமாகவும் 2,000 யூபிஐயிலும் கொடுத்தார், ஆகவே வரவில் இரண்டு வரி. பில்லோடு சரக்கையும் வரவையும் ஒரே குவெரியில் ஜாயின் செய்தால் மூன்று பெருக்கல் இரண்டு, ஆறு வரி. புடவைக்கும் ரொக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இரண்டும் பில் வழியாக மட்டுமே சொந்தம், ஆனாலும் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வரவோடும் ஜோடி சேரும். பில் தொகையைக் கூட்டினால் 21,600. வரவைக் கூட்டினால் 10,800. சரக்கு விலையைக் கூட்டினால் 7,200. மூன்றுமே 3,600 வர வேண்டியவை.

தீர்வு, கூட்டிவிட்டு ஜாயின் செய்வது. சரக்கை பில் எண்படி குரூப் செய்து கூட்டி ஒரு உள் குவெரி, வரவை அதே மாதிரி இன்னொரு உள் குவெரி. இரண்டிலும் இப்போது பில்லுக்கு ஒரே வரிதான். பிறகு பில்லோடு ஜாயின் செய்தால் பெருகாது. கடன் பில்லுக்கு வரவே இருக்காது, அதனால் அந்தப் பில் தொலையாமலிருக்க லெஃப்ட் ஜாயின் போட்டு, நல் (மதிப்பே இல்லாத வெற்றிடம்) வந்தால் பூஜ்யம் என்று கோலெஸ் ஃபங்ஷன் வைத்துக்கொள்ளுங்கள்.

சம் டிஸ்டிங்க்ட் போட்டால் சரியான தொகை வந்துவிட்டதே?

சம் டிஸ்டிங்க்ட் ஒரே மதிப்பை ஒரு தடவை மட்டும் கூட்டும், 1042-க்குத் தற்செயலாகச் சரியாக வந்தது. அடுத்த வாடிக்கையாளர் 3,600 ரூபாயை 1,800 ரொக்கம், 1,800 யூபிஐ என்று பாதிப் பாதியாகக் கொடுத்தால் சம் டிஸ்டிங்க்ட் இரண்டு 1,800-ஐயும் ஒன்றாக எண்ணி, 1,800 மட்டும்தான் வந்தது என்று சொல்லும். அவரைக் கடன்காரர் பட்டியலில் ஏற்றிவிடுவீர்கள். எண்ணிக்கைக்கு, அதுவும் பிரைமரி கீயின் மேல் கவுன்ட் டிஸ்டிங்க்ட் போடலாம், தவறில்லை. தொகைக்குப் போடவே கூடாது.

லெஃப்ட் ஜாயின் போட்டால் இடது பக்க டேபிளின் வரி ஒரு தடவைதானே வர வேண்டும்?

குறைந்தபட்சம் ஒரு தடவை வரும் என்பதுதான் அதன் வாக்குறுதி. வலது பக்கம் ஒன்றும் பொருந்தாவிட்டாலும் இடது வரி தொலையாது, அவ்வளவுதான். ஐந்து பொருந்தினால் ஐந்து தடவை வரும்.

மார்ச் வரை இதே ரிப்போர்ட் சரியாக ஓடியது, ஏப்ரலுக்குப் பிறகு எல்லா பில்லும் ரெட்டையாக வருகிறது. குவெரியை யாரும் தொடவில்லை.

பில் எண்ணை ஏப்ரல் 1-ம் தேதி மறுபடி 1-லிருந்து ஆரம்பித்திருப்பார்கள். நம் ஊரில் நிதியாண்டு மாறும்போது பில் புத்தகத்தைப் புதுசாகத் தொடங்குவது வழக்கம்தானே. முதல் வருஷம் முழுக்க பில் எண் மட்டுமே போதுமானதாக இருந்தது. இப்போது 1042 என்றால் போன வருஷத்து 1042-ம் உண்டு, இந்த வருஷத்து 1042-ம் உண்டு, ஜாயின் இரண்டையும் கோத்துவிடுகிறது. ஜாயின் கண்டிஷனில் நிதியாண்டையும் சேருங்கள். இரண்டு கிளை இருந்தால் கிளை எண்ணையும்.

பொதுவாகச் சொன்னால், ஒரு டேபிளின் ஒரு வரியை அடையாளம் காட்ட இரண்டு மூன்று ஃபீல்டு சேர்ந்து தேவைப்படும்போது அதில் ஒன்றை மட்டும் ஜாயினில் எழுதினால் இன்றைக்கில்லாவிட்டாலும் ஒரு நாள் பெருகியே தீரும். சோதனை டேட்டாவில் ஒரு வருஷமும் ஒரு கிளையும் மட்டும் இருந்தால் இது கண்ணில் படவே படாது. விலைப் பட்டியல், முகவரி மாதிரி பழைய மதிப்புகளையும் வைத்திருக்கும் டேபிள்களிலும் இதே கதைதான், 'இப்போது நடப்பில் உள்ளது' என்ற கண்டிஷனை மறந்தால் பழைய விலை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வரும்.

தள்ளுபடி ஸ்லாப் டேபிளோடு ஜாயின் செய்கிறேன். சில பில் மட்டும், அதுவும் எப்போதாவது, ரெட்டையாக வருகிறது.

அந்தச் சில பில்லின் தொகையைப் பாருங்கள், எல்லாம் 1,000, 2,000, 5,000 என்று முழுத் தொகையாக இருக்கும். ஸ்லாப் டேபிளில் 0 முதல் 1,000, 1,000 முதல் 2,000 என்று எழுதிவிட்டு குவெரியில் பிட்வீன் போட்டிருப்பீர்கள். பிட்வீன் இரண்டு எல்லையையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஆகவே சரியாக 1,000 ரூபாய் பில் இரண்டு ஸ்லாபிலும் உட்காரும். கீழ் எல்லைக்குச் சமமாகவோ அதிகமாகவோ, மேல் எல்லைக்குக் குறைவாக என்று மாற்றி எழுதுங்கள். 1,000 வரை, 1,001 முதல் என்று ஸ்லாபை மாற்றுவது வேண்டாம், 1,000.50 ரூபாய் பில் எதிலும் சேராமல் காணாமல் போகும்.

யூனியனுக்கும் யூனியன் ஆலுக்கும் இதில் என்ன வேலை?

இரண்டுமே இரண்டு குவெரியின் வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ப்பவை. யூனியன் டூப்ளிகேட்டை நீக்கும், யூனியன் ஆல் நீக்காது. பலர் கவனிக்காதது, யூனியன் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானதை மட்டுமல்ல, ஒரே பக்கத்துக்குள் இருக்கும் டூப்ளிகேட்டையும் சேர்த்து நீக்கிவிடும். டிஸ்டிங்க்ட் பற்றிச் சொன்ன துண்டுக் கதை இங்கேயும் அப்படியே பொருந்தும். இரண்டு கிளையின் விற்பனையைச் சேர்க்கும்போது யூனியன் ஆல் போடுங்கள்.

டிஸ்டிங்க்ட் போட்டும் போகவில்லை, குரூப் பை போட்டும் போகவில்லை. கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

கண்ணை நம்பாதீர்கள், நீளத்தைக் கேளுங்கள். இரண்டு வரிக்கும் லென்த் ஃபங்ஷன் போட்டுப் பார்த்தால் ஒன்று 7, இன்னொன்று 8 என்று வரும். பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும், டிரிம் போட்டால் போய்விடும். டிரிம் போட்டும் போகாத இடைவெளி ஒன்று உண்டு, வெப்பக்கத்திலிருந்தோ வேர்டிலிருந்தோ காப்பி செய்யும்போது வரும் நான்-பிரேக்கிங் ஸ்பேஸ். அது வேறு எழுத்து, அதைத் தனியாக ரீப்ளேஸ் செய்ய வேண்டும்.

நீளமும் ஒன்றாக இருந்தால் தேதி ஃபீல்டைப் பாருங்கள். திரையில் தேதி மட்டும் தெரியும், உள்ளே மணி, நிமிடம், மில்லிசெகண்ட் வரை இருக்கும். ஃபோன் எண் என்றால் முன்னால் 0 போட்டு ஒன்று, 91 போட்டு ஒன்று, வெறும் பத்து இலக்கத்தில் ஒன்று என்று ஒரே ஆளுக்கு மூன்று வாடிக்கையாளர் வரி. இதற்கெல்லாம் குவெரியில் மருந்து போடுவதைவிட, உள்ளே ஏறும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான் சரி.

தமிழில் பெயர் வைத்திருக்கிறோம். ஒரே பெயர் இரண்டு தடவை வருகிறது, இடைவெளி எதுவும் இல்லை, எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். என்ன மாயம் இது?

தமிழ் டேட்டாவோடு வேலை செய்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது, தெரியாமல் நானே இரண்டு நாள் தேடியிருக்கிறேன். யூனிகோடில் (கணினியில் எழுத்துகளுக்குக் குறி கொடுக்கும் பொது முறை) 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பான ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். 'கோமதி' முதல் முறையில் 5 குறி, இரண்டாவது முறையில் 6 குறி. திரையில் மயிரிழை வித்தியாசம் கூட இருக்காது. கொ, கோ, கௌ மூன்று வரிசைக்கும் இப்படித்தான். நல்லவேளையாக இவை இரண்டும் சமம் என்று யூனிகோடே வரையறுத்திருக்கிறது, என்எஃப்சி என்ற வடிவத்துக்கு மாற்றினால் ஒன்றாகிவிடும். போஸ்ட்கிரெஸில் 13-ம் பதிப்பிலிருந்து நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறது, பைத்தான், ஜாவா மாதிரி மொழிகளிலும் உண்டு.

என்எஃப்சியாலும் தீராதவை இரண்டு. 'கௌசல்யா'வை சிலர் ஔகாரக் குறி போட்டு எழுதுவார்கள், சிலர் எகரக் கொம்பு போட்டு பக்கத்தில் ளகரத்தை அடித்து 'கெளசல்யா' என்று எழுதுவார்கள். முதலாவது 7 குறி, அடுத்தது 8. ளகரமும் ஔகாரத்தின் வால் பகுதியும் பார்க்க ஒன்றுதான், யூனிகோடுக்கு இரண்டும் வேறு வேறு எழுத்து, ஆகவே எந்த நார்மலைஸும் தொடாது. இன்னொன்று 'ஸ்ரீதர்'. அந்த ஸ்ரீயை ஸகரத்தை வைத்தும் அடிக்கலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் அடிக்கலாம், பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். இவற்றுக்கு நாமே ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துத்தான் ஆக வேண்டும். 'கெள' என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது, 'கெளுத்தி' மீன் 'கௌுத்தி' ஆகிவிடும். அடுத்த குறி உயிர்மெய்க் குறியா புள்ளியா என்று பார்த்து, இரண்டும் இல்லாதபோது மட்டும் மாற்றுங்கள்.

பக்கத்துக்கு 20 என்று காட்டுகிறேன். முதல் பக்கத்தில் வந்த பில் இரண்டாம் பக்கத்திலும் வருகிறது.

ஆர்டர் பையில் தேதி மட்டும் இருக்கும். ஒரே தேதியில் ஐம்பது பில் இருந்தால் அந்த ஐம்பதுக்குள் எது முன்னால் என்று நீங்கள் சொல்லவில்லை, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓடும் தனித்தனி குவெரியில் டேட்டாபேஸ் தன் வசதிப்படி வரிசை மாற்றிக்கொள்ளலாம். ஒன்று இரண்டு தடவை வரும்போது இன்னொன்று எந்தப் பக்கத்திலும் வராமல் போகும், அதுதான் மோசம். ஆர்டர் பையின் கடைசியில் பிரைமரி கீயைச் சேர்த்தால் தீர்ந்தது.

அதன் பிறகும் வருகிறது என்றால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே புது பில் ஏறி எல்லாவற்றையும் ஒரு படி கீழே தள்ளுகிறது. அதற்கு ஆஃப்செட்டை ('முதல் இத்தனை வரியைத் தாண்டிக் கொடு' என்பது) விட்டுவிட்டு, போன பக்கத்தில் கடைசியாக வந்த தேதியையும் கீயையும் வைத்துக்கொண்டு 'இதற்கு அடுத்தவை 20' என்று கேளுங்கள்.

நான் எஸ்க்யூஎல்லே எழுதுவதில்லை, ஓஆர்எம்தான். அதிலும் வருகிறதே?

ஓஆர்எம் என்பது நம் கோடிலிருந்து எஸ்க்யூஎல்லைத் தானாக எழுதிக்கொள்ளும் கருவி, அடியில் ஓடுவது அதே ஜாயின்தான். பைத்தானின் ஜாங்கோவில் ஒரு பில்லுக்குப் பல சரக்கு என்ற உறவின் வழியாக ஃபில்டர் போட்டால், பொருந்தும் சரக்கு ஒவ்வொன்றுக்கும் அதே பில் திரும்ப வரும். எக்சிஸ்ட்ஸ் பற்றி மேலே சொன்னதுதான் இதற்கும், ஜாங்கோவிலேயே அதற்கு வழி இருக்கிறது. ஜாவாவின் ஹைபர்னேட்டில் பில்லோடு சரக்கையும் சேர்த்து எடுக்க ஜாயின் ஃபெட்ச் போட்டால் பழைய பதிப்புகளில் பில் திரும்ப வரும், 6-லிருந்து அதுவே நீக்கிவிடுகிறது. எதுவானாலும் உருவாகும் எஸ்க்யூஎல்லை லாகில் எடுத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

டேபிளிலேயே டூப்ளிகேட் ஏறிவிட்டது. எப்படி அழிப்பது?

முதலில் அந்த டேபிளை வேறு பெயரில் காப்பி எடுத்து வையுங்கள். அடுத்து, எதை வைத்துக்கொள்வது என்று கடைக்காரரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், பழையதையா, புதியதையா, விவரம் அதிகமாக நிரம்பியதையா? அது நாமாக எடுக்கிற முடிவு இல்லை. மேலே சொன்ன ரோ நம்பரை வைத்து 1-க்கு மேல் எண் வந்தவற்றைப் பட்டியலிடுங்கள். உடனே டெலீட் போட்டுவிடாதீர்கள். அழியப் போகிற வாடிக்கையாளர் எண்ணில் பில்கள் தொங்கிக்கொண்டிருக்கும், அவற்றை வைத்துக்கொள்ளப் போகிற எண்ணுக்கு முதலில் மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (மொத்தமாக ஏற்கவோ மொத்தமாக ரத்து செய்யவோ முடிகிற தொகுப்பு) செய்து, அழிந்த எண்ணிக்கை பட்டியலோடு ஒத்துப்போனால் மட்டும் கமிட் (மாற்றத்தை உறுதி செய்வது). மைஎஸ்க்யூஎல்லில் எந்த டேபிளில் அழிக்கிறீர்களோ அதையே உள் குவெரியில் நேரடியாகப் படிக்க முயன்றால் 1093 என்று எரர் வரும், அந்த உள் குவெரியை இன்னொரு உள் குவெரிக்குள் பொதிந்தால் வேலை செய்யும். அழித்த கையோடு யுனிக் (ஒரே மதிப்பு இரண்டு தடவை ஏறவிடாத கட்டுப்பாடு) போடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதமும் இதே வேலைதான்.

இன்சர்ட்டுக்கு முன்னால் இருக்கிறதா என்று செக் பண்ணித்தான் போடுகிறோம். பிறகு எப்படி ஏறுகிறது?

பில் போடுகிறவர் சேவ் பட்டனை இரண்டு தடவை தட்டுகிறார், அல்லது நெட்வொர்க் இழுத்ததால் ஆப் தானாக இன்னொரு தடவை அனுப்புகிறது. இரண்டு கோரிக்கையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் 'இருக்கிறதா' என்று கேட்கின்றன, இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வருகிறது, இரண்டும் ஏற்றிவிடுகின்றன. செக்குக்கும் இன்சர்ட்டுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியை உங்கள் கோடால் அடைக்க முடியாது, டேட்டாபேஸின் யுனிக் இண்டெக்ஸால்தான் முடியும். யுனிக் போட்டுவிட்டு, ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது என்பதையும் இன்சர்ட்டிலேயே சொல்லிவிடுங்கள். போஸ்ட்கிரெஸில் ஆன் கான்ஃப்ளிக்ட் 9.5-லிருந்து உண்டு, எஸ்க்யூலைட்டில் 3.24-லிருந்து, மைஎஸ்க்யூஎல்லில் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்.

பில்லுக்கு என்று இயல்பான அடையாளம் இன்னும் இல்லாத நேரத்தில், பில் திரை திறக்கும்போதே ஆப் ஒரு தனி எண்ணை உருவாக்கி, எத்தனை தடவை அனுப்பினாலும் அதே எண்ணோடு அனுப்பட்டும். அதன் மேல் யுனிக். பணம் சம்பந்தப்பட்ட எந்த டேபிளுக்கும் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

யுனிக் போட்டுத்தான் இருக்கிறது, அப்படியும் ரெண்டு வரி நுழைந்திருக்கிறது!

யுனிக் போட்ட ஃபீல்டுகளில் ஏதாவது ஒன்று நல்லாக இருக்கிறதா பாருங்கள். நல் என்றால் 'தெரியாது'. தெரியாத ஒன்றும் தெரியாத இன்னொன்றும் சமம் என்று சொல்ல முடியாது என்பதால் போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும் எத்தனை நல் வந்தாலும் உள்ளே விடும். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் ஒரே ஒரு நல்லைத்தான் விடும். குழப்பம் என்னவென்றால் அதே போஸ்ட்கிரெஸ் டிஸ்டிங்க்ட்டிலும் குரூப் பையிலும் எல்லா நல்லையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். ஃபீல்டை நாட் நல் ஆக்க முடிந்தால் ஆக்குங்கள், முடியாவிட்டால் போஸ்ட்கிரெஸ் 15-லிருந்து நல்ஸ் நாட் டிஸ்டிங்க்ட் என்று யுனிக்கிலேயே சொல்லலாம்.

நல் இல்லையென்றால் 'கோமதி' கேள்விக்குத் திரும்பிப் போய் நீளத்தைப் பாருங்கள்.

டேபிள் சுத்தம், குவெரியும் சரி. ஒரு தடவை ஓட்டினால் ஒரு பில் ரெட்டையாக வருகிறது, மறுபடி ஓட்டினால் வருவதில்லை.

எஸ்க்யூஎல் சர்வரா, குவெரியில் நோலாக் (பூட்டுப் போடாமல் படி என்ற குறிப்பு) இருக்கிறதா? வேகத்துக்காக என்று எல்லா டேபிளுக்குப் பக்கத்திலும் நோலாக் எழுதுவதைப் பல இடங்களில் பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். பூட்டு இல்லாமல் படித்துக்கொண்டு போகும்போது, ஏற்கெனவே படித்த வரி வேறொருவர் செய்த மாற்றத்தால் இன்னும் படிக்காத பக்கத்துக்கு நகர்ந்தால் அங்கேயும் அது படிக்கப்படும். எதிர்த்திசையில் நகர்ந்தால் ஒரு தடவைகூடப் படிக்கப்படாது. கமிட் ஆகாத பில்லும் வரும்.

நோலாக்கை எடுத்தாலும், சாதாரண ரீட் கமிட்டடில் (கமிட் ஆனதை மட்டும் படிக்கும் முறை) இண்டெக்ஸ் கீயே மாறுகிற வரி நீண்ட குவெரியில் அரிதாக இரண்டு தடவை வரலாம். டேட்டாபேஸ் நிர்வாகியிடம் பேசி ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட்டை இயக்கிக்கொண்டால் குவெரி தொடங்கிய நொடியில் டேட்டா எப்படி இருந்ததோ அதை மட்டும் படிக்கும். அதற்கு டெம்ப்டிபியில் (எஸ்க்யூஎல் சர்வரின் தற்காலிக டேட்டாபேஸ்) கூடுதல் இடம் வேண்டும், இயக்குவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.